மாறினால் நானே சொல்வேன்

என்னோடு வேலை பார்த்த அந்தப் பெண்ணுடைய கணினித் திரையின் கீழ் விளிம்பில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும். ‘மாற்றம் இருந்தால் நானே சொல்வேன்’ என்று நீல மையில் எழுதியிருப்பார். எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, ஏதோ மென்பொருள் வேலை சம்பந்தப்பட்ட விதி என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைத்துக்கொண்டால் அவருக்கும் வசதிதான்.

ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அலுவலகம் என்றால் ஐந்து மேசை, ஒரு ஏசி. அந்த ஏசியும் மதியத்துக்கு மேல் எங்களைப் போலவே களைத்துப்போகும். சென்னையில் பன்னிரண்டு வருடம் கணினி முன்னால் குனிந்து, கழுத்து வலியும் ‘சீனியர்’ என்ற பட்டமுமாக ஊர் திரும்பியிருந்தேன். என்னைவிட ஆறேழு வயது சின்னவர் அவர். அக்காள்மடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பாம்பன் பாலத்தைத் தாண்டி, மண்டபத்தில் கூட்டம் ஏறி, உச்சிப்புளியில் இன்னும் கொஞ்சம் ஏறி, எங்கள் மாடிப்படிக்கு வந்து சேரும்போது அவர் முகத்தில் பாதி நாள் முடிந்திருக்கும்.

ஒரே விஷயத்தை இரண்டாவது தடவை கேட்டால் அவருக்கு ஆகாது. சேர்ந்த முதல் நாளே கீழே டீக்கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்: “அண்ணே, பதினோரு மணிக்கு ஒரு டீ, சீனி கம்மி. தெனமும் இதான். வேண்டாம்னா நான் சொல்றேன்.” அதன்பிறகு ‘என்ன வேணும்’ என்ற கேள்வியே அவர் மேசைப் பக்கம் வரவில்லை. மற்ற நான்கு மேசைக்கும் டீக்கடைக்காரர் தினம் தினம் கேட்டு, நாங்கள் தினம் தினம் யோசித்து, கடைசியில் தினம் தினம் அதே டீயைத்தான் குடித்தோம்.

சாப்பாட்டு நேரத்தில் “இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று கேட்பது எங்கள் ஊரில் ஒரு மரியாதை. அதற்கும் அவர் வழி வைத்திருந்தார். திங்கள் புளிச்சோறு, செவ்வாய் தயிர்ச்சோறு என்று வாரம் முழுக்க ஒரே வரிசை. “மீன் கொண்டாந்தா வாசமே சொல்லிரும், கேக்க வேண்டாம்” என்பார். வைஃபை கடவுச்சொல்லை நான் மூன்றாவது தடவை கேட்டபோது நிமிர்ந்து பார்த்தார். “முந்தாநேத்து சொன்னேன்லண்ணே. அதுக்கப்புறம் அது மாறலையே.” கோபமாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை. அறிவிப்புப் பலகையைப் படிக்கிற குரலில் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

அப்போது படகு உரிமையாளர்களின் சங்கம் ஒன்றுக்கு ஒரு செயலி செய்துகொடுத்திருந்தோம். கடலுக்குப் போன விசைப்படகு கரைக்கு வந்துவிட்டதா என்று வீட்டில் இருக்கிறவர்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். நூற்றுச் சொச்சம் படகுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘வந்தாச்சு’ அல்லது ‘வரலை’. அவ்வளவுதான் செயலி. அதை எழுதியவன் நான். அவர் எங்களிடம் சேர்வதற்குள் அது பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது. கூடவே புகாரும் வந்துகொண்டிருந்தது. “ஒங்க ஆப்பத் தொறந்தா போனு தோசக்கல்லு மாதிரி கொதிக்குதுங்க. சார்ஜு நிக்க மாட்டேங்குது.” என் போனில் அப்படி எதுவும் இல்லை. நான் வைத்திருந்தது சென்னையில் வாங்கிய போன். அவர்கள் கையில் இருந்தது பிள்ளைகள் பார்த்து, விழுந்து, கண்ணாடி கீறிய போன்.

அவர் என் நிரலைத் திறந்து கால் மணி நேரம் பார்த்தார். திரையில் என்னென்ன தெரியவேண்டும் என்று எழுதுகிற பகுதிக்கு டெம்ப்ளேட் என்று பெயர். அதற்குள்ளேயே நான் ஒரு ஃபங்ஷனை, அதாவது கணக்குப் போடுகிற ஒரு நிரல் துண்டை, நேராகக் கூப்பிட்டிருந்தேன். அது ஒவ்வொரு படகுக்கும் ஓடும். படகில் உள்ள கருவி கடைசியாகச் சொன்ன இடத்தை எடுத்து, எந்தக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தூரத்தைக் கணக்கிட்டு, பதிலைச் சொல்லும். பதில் சரிதான். ஆனால் திரை எதற்காகக் கொஞ்சம் அசைந்தாலும், விரல் பட்டாலும், தேடும் கட்டத்தில் ஓர் எழுத்தைத் தட்டினாலும், அத்தனை படகுக்கும் முதலிலிருந்து மறுபடி கணக்குப் போடும்.

என்னிடம் வந்து விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அந்த ஃபங்ஷன் எத்தனை தடவை ஓடுகிறது என்று எண்ணிக் காட்டுகிற ஒரு வரியை அதில் சேர்த்தார். பழைய போன் ஒன்றை என் கையில் கொடுத்து, “பட்டியலை மேலயும் கீழயும் தள்ளுங்கண்ணே” என்றார். தள்ளினேன்.

“எத்தன தடவ ஓடிருக்கும்னு நெனைக்கிறீக?”

“ஒரு இருநூறு?”

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். எண் நாலாயிரத்தைத் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“ஒரு படகும் நகரலண்ணே. நாம வெரலத்தான் நகத்துனோம்.”

மாலைக்குள் மாற்றிவிட்டார். ஒரு முறை கணக்கிட்ட பதிலைக் கையில் வைத்துக்கொள்ளும், படகைப் பற்றிப் புதுத் தகவல் வந்தால் மட்டும் மறுபடி கணக்கிடும். விரலை எப்படித் தள்ளினாலும் அந்த எண் அசையவில்லை. எப்போதாவது ஒரு படகு கரை சேர்ந்தால் ஒன்று கூடும், அவ்வளவுதான். ஆறிப்போன அந்தப் பழைய போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அசையாத எண்ணைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். அவரை முழுசாகச் சந்தோஷமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, சொல்வதற்கென்ன.

அவருடைய கணவரும் விசைப்படகு டிரைவர். அவர் ஓட்டிய படகும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒருநாள் காலை பத்து மணிக்கு அதன் எதிரே ‘வரலை’ என்றிருந்தது. பன்னிரண்டுக்கும் அப்படியே. சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. கடலில் எல்லை தாண்டிவிட்டதாகச் சொல்லி அவரையும் கூடப்போன நாலு பேரையும் பிடித்து இலங்கைப் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் கடற்கரையில் இது புதிதில்லை. இதற்கு என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். என்ன விசாரிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

மூன்றாம் நாள் இவர் வேலைக்கு வந்தார். அன்றிலிருந்து ஆரம்பித்தது. பஸ் கண்டக்டர் கேட்டார். செல்போன் கடைக்காரர் கேட்டார். டீக்கடைக்காரர் டீயோடு சேர்த்துக் கேட்டார். “தகவல் உண்டா?” “வக்கீலு என்ன சொல்றாரு?” “எப்ப விடுவாகளாம்?” எல்லாம் பாசத்தில் கேட்டதுதான், ஒருவர் மனதிலும் கள்ளமில்லை. ஒருநாள் காலை பத்திலிருந்து ஒரு மணிவரை எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் “இல்லீங்க” என்ற ஒரே பதில். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் ஒவ்வொரு தடவையும் எவ்வளவு தூரம் போய்வருகிறார் என்பது, அன்று மதியம் சோற்று டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரே சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

“விசாரிக்கிறது தப்பில்லண்ணே. ஆனா ஒவ்வொருத்தரு கேக்கும்போதும் நான் அந்த ஜெயிலு வரைக்கும் போயிட்டு வரவேண்டியிருக்கு. காவல நீட்டிச்ச தேதி, அவுகளுக்கு என்ன சோறு குடுத்தாக, சட்டை மாத்த இருக்கா, எல்லாம் மொதல்லருந்து. போயிட்டு வந்தா அதே எடத்துலதான் நிக்கிறேன்.”

மறுநாள் அந்த மஞ்சள் சீட்டு வந்தது. தெருவிலும் பஸ்ஸிலும் வாயால் அதையே சொல்லிவிட்டார். சிலருக்கு வருத்தம். “அக்கறையா கேட்டா மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுது அந்தப் புள்ள” என்று கடைக்காரர் என்னிடம் முறையிட்டார். வீட்டில் மாமியாருக்கு மட்டும் அந்த விதி கிடையாது. ஏன் என்று கேட்டேன். “அத்தைக்குப் படிக்கத் தெரியாதுண்ணே” என்று சொல்லி லேசாகச் சிரித்தார்.

அந்தச் சீட்டை ஊரிலேயே அதிகமாக மதித்தவன் நான்தான். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நாலடி தூரத்தில் உட்கார்ந்து, வேலை விஷயம் தவிர வேறு பேசாமல், அதை ஒரு பெரிய பண்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், கேட்காமல் இருப்பது எனக்கும் சௌகரியமாக இருந்தது. கேட்டால் பதிலைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பிறகு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது.

இப்படியே மாதங்கள் போயின. செயலியில் சந்தேகம் இருந்தால் கூப்பிட ஓர் எண் கொடுத்திருந்தோம். அந்த போனை ஆளுக்கு ஒரு வாரம் பார்ப்போம். அது அவருடைய வாரம். காற்று பலமாக இருந்த ஒரு காலையில், ஒன்பது மணிக்குத் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். வீட்டுக்காரர் போன படகு ‘வரலை’ என்று காட்டுகிறது, நிஜமா என்று கேட்டார். இவர் திரையைப் பார்த்துவிட்டு, “வரலைம்மா” என்றார். கால் மணி நேரத்தில் மறுபடி. அப்புறம் மறுபடி. பதினொன்றரைக்குள் ஆறு தடவை.

ஒரு தடவைகூட ‘இப்பத்தானே சொன்னேன்’ என்று அவர் சொல்லவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் திரையைப் புதிதாகத் திறந்து, பெயரைத் தேடி, பார்த்துவிட்டுத்தான் சொன்னார். நாலாவது தடவை, “காலையில சாப்பிட்டீகளா? தண்ணியாச்சும் குடிங்க” என்றார். ஆறாவது தடவை, “ஒக்காருங்கம்மா, நிக்காதீக. வந்துருவாக” என்றார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஏழாவது தடவை போன் அடித்தபோது, அந்தப் பெண் போட்ட சத்தம் என் மேசைவரை கேட்டது.

“ஏம்மா, ஒனக்கு மனசாட்சி இருக்கா? என்சினு பழுதாகி இன்னொரு படகுல கட்டி இழுத்து எட்டு மணிக்கே மண்டபத்துல கொண்டாந்து விட்டுட்டாகளாம். போனு தண்ணியில விழுந்துருச்சாம், பேச முடியல. இப்ப வீட்டுல வந்து நிக்கிறாரு மனுசன்! நீ ஆறு தடவ வரல வரலன்னு சொன்னியேம்மா. எனக்கு உசுரே போயிருச்சு.”

“மன்னிச்சுக்கங்கம்மா” என்றார் இவர். எதிர்முனை வைத்தபிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

பத்து நிமிடத்தில் தவறைக் கண்டுபிடித்துவிட்டோம். படகு மண்டபம் வந்த தகவல் எட்டு மணிக்கே சரியாக வந்திருக்கிறது. அதை வாங்கி வைக்கிற வரியை எழுதியவன் நான். புதுத் தகவலைப் புதுப் பெட்டியில் போட்டுக் கொடுக்காமல், பழைய பெட்டிக்குள்ளேயே திணித்திருந்தேன். அவர் எழுதிய பகுதியோ பெட்டி புதுசா என்று வெளியிலிருந்து பார்க்கும், திறந்து பார்க்காது. பெட்டி பழசுதான், அதனால் எதுவும் மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு கையிலிருந்த பழைய பதிலையே நீட்டிவிட்டது. அதுவரை மற்ற படகுகள் தப்பித்தது எங்கள் அதிர்ஷ்டம். அவை கிளம்பிய கரைக்கே திரும்பியதால் வேறு வழியாகத் தகவல் போய்ப் பெட்டி மாறியிருக்கிறது. வேறு கரைக்குப் போன முதல் படகு இதுதான்.

“என் வரிதாம்மா தப்பு” என்றேன்.

“தொறந்து பாக்காதன்னு அதுக்குச் சொல்லி வச்சது நாந்தானண்ணே.” அந்த வரியை விரலால் தொட்டு, “வெளிய அப்படியே இருந்தா உள்ளயும் அப்படியேதான்னு நெனச்சுக்கிருச்சு” என்றார்.

ஒரு வரி மாற்றியதும் சரியாகிவிட்டது. அன்றைய டீ அவர் மேசையில் ஏடு கட்டிப்போய்க் கிடந்தது. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சங்கத்திலிருந்து ஒரு படகுக்காரர் வந்தார். அந்தத் தவறு சரியாகிவிட்டதா என்று நேரில் பார்க்க வந்தவர். பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்தப் புள்ளைக்கு ரெண்டு நாளு லீவு குடுத்தா என்ன சார்? இந்த நெலமையிலயும் வேலைக்கு வந்துகிட்டு இருக்கு.”

“எந்த நெலமை?”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். “தெரியாதா? பதினோரு நாளாச்சே. கூடப் போன நாலு பேரையும் விட்டுட்டாக, ஊரு வந்து சேந்துட்டாக. டிரைவருக்கு மட்டும் தண்டனை போட்டுட்டாக சார். ஒன்றரை வருசம்.”

நான் படியிலேயே நின்று அந்தப் பதினோரு நாளைப் பின்னால் எண்ணிப் பார்த்தேன். திங்கள்கிழமை புளிச்சோறு வந்தது. செவ்வாய்க்கிழமை தயிர்ச்சோறு வந்தது. தோளில் அதே பை, நெற்றியில் அதே சின்னப் பொட்டு. அந்தப் பெண்ணுக்கு ஆறு தடவை “வரலைம்மா” என்று சொன்னதும் இந்தப் பதினோரு நாளுக்குள்தான். “வந்துருவாக” என்று சொன்னதும்தான். நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை.

மேலே போனேன். அவர் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, எங்கிட்டச் சொல்லலியே.”

தட்டிக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் திரும்பினார். எதைப் பற்றி என்று கேட்கவில்லை.

“மாறுனா சொல்றேன்னுதானண்ணே எழுதிருக்கேன். என்ன மாறிருக்கு? அன்னைக்கும் வரல. இன்னைக்கும் வரல.”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அந்த நாலு பேரு வீட்டுக்கும் போயி பாத்துட்டு வந்தேன். அவுகளுக்கு என் மூஞ்சியப் பாக்க முடியல. அத்தை மட்டுந்தான் தெனமும் கேக்குறாக. தெனமும் இல்லன்னு சொல்றேன். சொல்லும்போது நெஞ்சுல இருந்து ஏதோ கொஞ்சம் எறங்குது.” பிறகு, குரலை உயர்த்தாமல், “நீங்க ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லிருப்பேன்” என்றார்.

‘நீதானேம்மா கேக்கக் கூடாதுன்னு ஒட்டி வச்சே’ என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் எங்களோடு இருந்தது கொஞ்ச நாள்தான். மாமியாரைப் பகலெல்லாம் தனியே விட்டு வர முடியவில்லை. அக்காள்மடத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு தன் ஊரான சாயல்குடிக்குப் போய்விட்டார். அங்கே ஒரு இ-சேவை மையத்தில் வேலை. ஆதாரில் பெயர் மாற்ற என்ன கொண்டு வரணும், சான்றிதழ் எப்ப வரும், கைரேகை ஏன் விழமாட்டேங்குது என்று காலை முதல் மாலைவரை அதே மூன்று கேள்விகளை ஊர் முழுக்க வந்து கேட்கிற இடம். “அங்கயும் சீட்டு ஒட்டிட்டியாம்மா?” என்று போனில் கேட்டேன். “இல்லண்ணே. கேக்கட்டும்” என்றார்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிடுவது என் வழக்கமாகிவிட்டது. பெரிய பேச்சு எதுவும் இருக்காது. “வந்துட்டாராம்மா?” என்பேன். “இல்லண்ணே” என்பார். தண்டனை எந்த மாதம் முடியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதற்கு முன்னால் கூப்பிட்டால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும். கணினிக்காரன் செய்கிற வேலையில்லை இது. இருந்தாலும் கூப்பிடுவேன்.

இந்த மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். ஞாயிறு போனதே தெரியவில்லை. புதன்கிழமை மதியம் போன் அடித்தது. அவர் பெயர். அவராகக் கூப்பிட்டதே கிடையாது. மாறினால் நானே சொல்வேன் என்றவர். எழுந்து உட்கார்ந்தேன். எடுத்தேன்.

“என்னம்மா? மாறிருச்சா?”

“ஒண்ணும் மாறலண்ணே.”

அந்தப் பக்கம் யாரோ சான்றிதழ் எப்ப வரும் என்று கேட்கிற சத்தம் கேட்டது.

“இல்ல, இந்த மாசம் நீங்க கேக்கலயே. அதான் கூப்புட்டேன்.”

“வந்துட்டாராம்மா?” என்று கேட்டேன்.

“இல்லண்ணே” என்றார்.